முங்கு நீச்சலும் மூச்சுக்கருவியும்

நுழையும்முன்

கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய ஒருவர், கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொள்வது எவ்வாறு? மூச்சை அடக்கி முத்தெடுத்த பழைய கலைக்கும், மூச்சை அடக்கலாகாது என்று கற்பிக்கும் இன்றைய கலைக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? மலையடிவாரத்தில் தொடங்கி அந்தமான் தீவு வரை சென்று இவற்றுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மலைநீரும் கடல்நீரும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடிகின்ற இடத்தில் காடு தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகிறது. மழைக்காலத்தில் பாறைகளுக்கிடையே ஓடைகள் பெருக்கெடுக்கும். கோடையில் அவையே மணலும் கூழாங்கல்லுமாய்க் காய்ந்து கிடக்கும். இம்மலைச்சரிவுகளின் நீர் கண்மாய்களை நிறைத்தபின், எஞ்சியது அருச்சுனா ஆற்றின் வழியே வைப்பாற்றில் சேர்ந்து, சிப்பிகுளத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சிப்பிகுளம் என்னும் பெயரே அக்கடலின் செல்வம் எதுவெனச் சொல்லிவிடுகிறது. கடலைக் கண்ணால் காணாத மலையடிவாரச் சிற்றூருக்கும் முத்துச் சலாபத்துக்கும் இவ்வாறு ஒரு நீர்வழி உறவு உண்டு.

இப்பகுதியில் நீச்சலுக்குப் பள்ளிக்கூடம் தோப்புக் கிணறுதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவது பழைய முறை. குடுக்கையின்றி மிதக்கத் தெரிந்த அன்றே முங்கு நீச்சல் தொடங்கிவிடும். யார் நெடுநேரம் முங்கியிருக்கிறார் என்பதே போட்டி. அடித்தரையைத் தொட்டதற்குச் சான்று, கையில் அள்ளி வரும் ஒருபிடிச் சேறு. மூச்சை அடக்குவதில் எவர் வல்லவரோ அவரே அக்கிணற்றின் வீரர்.

இச்செயலுக்குத் தமிழில் சொற்கள் பல. முங்குதல், முழுகுதல், மூழ்குதல், முக்குளித்தல் என அவை நீள்கின்றன. கண்மாயில் திடீரென மறைந்து வேறோரிடத்தில் தலைகாட்டும் சிறு நீர்ப்பறவைக்கு முக்குளிப்பான் என்றே பெயர். இன்று உடல் கழுவுதலைக் குறிக்கும் குளித்தல் என்னும் சொல், நீருக்குள் மூழ்குதல் என்னும் பொருளை முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் ஆகிய தொடர்களில் இன்னும் காத்து நிற்கிறது.

கயிற்றின் மறுமுனை

பாண்டியரின் கொற்கைத் துறை முத்துக்குப் பெயர்பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், கொற்கைச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் எனக் குறிப்பிடுகிறது. முத்தின் ஒளியைப் பாராட்டிய அளவுக்கு, அதை எடுத்து வந்தவரின் மூச்சைப் பற்றி நம் ஏடுகள் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதற்கெனத் தனியே ஆட்களை அமர்த்தி, அவர்களுக்கும் முத்தில் பங்கு கொடுத்த செய்தியை எழுதியுள்ளார்.

குளிக்கும் முறை நூற்றாண்டுகள் பலவற்றில் பெரிதாக மாறவில்லை. கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மீது காலை ஊன்றி, மூச்சை நிரப்பிக்கொண்டு, கல்லின் எடையால் கடலடிக்கு விரைந்து இறங்குவர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம் இருக்கும். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. கீழே இறங்கியதும் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளை விரைந்து பறித்து வலைப்பையில் இடுவர். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பர். படகில் இருப்பவர் உடனே மேலே இழுத்துவிடுவார். ஒரு நாளில் இவ்வாறு பலமுறை இறங்கி ஏறியோரின் செவிப்பறைகள் கிழிவதும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், எடுத்த சிப்பிகளில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கே குளித்தவருக்குரியதாக இருந்தது.

கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பது இத்தொழிலில் உயிர்ப்பொருளான வினா. மலையில் தேனெடுப்பவருக்கும் இவ்வினா உண்டு. செங்குத்தான பாறையில் தொங்கித் தேனடையை அறுக்கும்போது, மேலே கயிற்றைக் காக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடம் ஒப்படைப்பது மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடியினர் பலரிடையே நிலவிய வழக்கம். தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனும் கயிற்றை நழுவவிட மாட்டான் என்பதே அதன் உட்பொருள். செண்பகத்தோப்பில் வாழும் பளியர்களும் தேனெடுப்பதில் தேர்ந்தவர்களே.

தூத்துக்குடிக் கடலில் இயற்கை முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டு. அதன்பின் சிப்பிப் படுகைகள் தொழிலுக்குப் போதிய வளம் பெறவில்லை. 1973ஆம் ஆண்டு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி, சிப்பிக்குள் கருவைப் பதித்து முத்தை வளர்ப்பதில் தூத்துக்குடிப் பகுதியில் வெற்றி கண்டார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் மூச்சுக்கருவி அணிந்து மன்னார் வளைகுடாவின் அடித்தரைக்கு இறங்கி, முத்துச்சிப்பிப் படுகைகளையும் சங்குப் படுகைகளையும் நேரில் ஆராய்ந்து எழுதினர். முத்துக்குளிப்போரின் சொல்லைக் கொண்டே அறியவேண்டியிருந்த கடலடியை அறிவியலாளர் தாமே கண்டது இவ்வாறுதான்.

உருளையும் ஒழுங்கியும்

அவர்கள் அணிந்த கருவி 1943ஆம் ஆண்டு பிரான்சில் உருவானது. கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞ்ஞானும் அதனை உருவாக்கினர். அதற்கு முன்பு, கனத்த செம்புத் தலைக்கவசம் அணிந்தவருக்குப் படகிலிருந்து குழாய் வழியே காற்றைச் செலுத்தி வந்தனர்; குழாய் செல்லும் தொலைவே அவர் செல்லும் தொலைவு. காற்றை முதுகிலேயே சுமந்து செல்வதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. உருளைக்குள் மிகுந்த அழுத்தத்தில் அடைத்துள்ள காற்று நேராக வாய்க்குள் பாய்ந்தால் நுரையீரல் தாங்காது. ஓயாமல் வெளியேறினால் காற்று விரைவில் தீர்ந்துபோகும்.

போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு நிலவியமையால், மகிழுந்துகளை எரிவளியால் இயக்குவதற்கென ஓர் ஒழுங்கியை கஞ்ஞான் செய்து வைத்திருந்தார். அதையே நீருக்கடியில் மூச்சுவிட ஏற்றதாக மாற்றினர். நம் வீட்டுச் சமையல் எரிவளி உருளையின் தலையில் பொருத்தும் ரெகுலேட்டரின் உறவுதான் அது. முக்குளிப்பவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் அது திறக்கும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தரும். ஸ்கூபா என்று உலகம் முழுதும் வழங்கும் பெயர், தன்னிறைவு கொண்ட நீரடி மூச்சுக்கருவி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது.

உருளையில் இருப்பது உயிர்வளி என்றே பலர் எண்ணுகின்றனர். செய்தித்தாள்களும் ஆக்சிஜன் உருளை என்று எழுதிவிடுகின்றன. உண்மையில் பொழுதுபோக்கு முக்குளிப்பில் பெரும்பாலும் நாம் நாள்தோறும் உள்ளிழுக்கும் காற்றையே வடிகட்டி அழுத்தி அடைக்கின்றனர். தூய உயிர்வளியை 6 மீட்டருக்குக் கீழே உள்ளிழுத்தால் அது நச்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

தீவில் ஒரு வகுப்பு

தோப்புக் கிணற்றில் முங்கு நீச்சல் பழகிய ஒரு மாணவி அந்தமானுக்குச் செல்கிறாள் எனக் கொள்வோம். சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுதி. 2024இல் சிறீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் இறங்கினால், கடைத்தெருவிலேயே தமிழ் காதில் விழும். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தாயகம் திரும்பிய தமிழர் பலர் இத்தீவுகளில் குடியமர்ந்துள்ளனர். அங்கிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றால் சுவராஜ் தீவு. 2018ஆம் ஆண்டு டிசம்பர் வரை அதன் பெயர் ஹேவ்லாக். இந்தியாவில் முக்குளிப்புப் பயிற்சிக்குப் பலரும் நாடிவரும் இடம் இதுவே.

பத்து வயது நிறைந்தோர் தொடக்கநிலைப் பயிற்சியில் சேரலாம். முதலில் உடல்நலம் பற்றிய வினாத்தாள். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, செவிக்கோளாறு முதலியவை இருப்பின் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு உண்மையை மறைத்து விடையெழுதுவது தேர்வில் பார்த்தெழுதுவதைக் காட்டிலும் தீங்கானது. இங்கே மதிப்பெண்ணன்று, மூச்சே போய்விடும். பின்னர் 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும்; பத்து நிமிடம் மிதந்து காட்டவேண்டும். கிணற்று நீச்சல்காரிக்கு இவை எளியவை. கடினம் இதற்குப் பின்னர்தான் வருகிறது.

மார்பளவு நீரில் மண்டியிட்டு, கருவியை வாயில் கவ்வி, முகத்தை நீருக்குள் அமிழ்த்தி முதல் மூச்சை இழுக்கச் சொல்கின்றனர். உடல் மறுக்கிறது. நீர் முகத்தில் பட்டதும் மூச்சை அடக்குவது அவளுக்குச் சிறுவயது முதல் ஊறிய பழக்கம். எத்தனை திறமையாக அடக்கினாளோ அத்தனை முயன்று அப்பழக்கத்தை விடவேண்டியிருக்கிறது. முங்கு நீச்சல் பழகாத பக்கத்து மாணவர் அவளைக் காட்டிலும் விரைவில் அமைதியாக மூச்சுவிடத் தொடங்குவதும் உண்டு.

அடுத்த பயிற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, சிறு குமிழிகளை வெளியிட்டபடியே அதனைத் தேடி மீண்டும் கவ்வ வேண்டும். முகக்கண்ணாடிக்குள் நீரை நிரப்பி, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். கீழே இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் செவிக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். முத்துக்குளித்தோரின் செவிகளைக் காத்திருக்கக்கூடிய சிறு செயல் இது. வலிக்கும்வரை காத்திருந்து ஊதுவதில் பயனில்லை. வலி தோன்றுமுன் ஊத வேண்டும். இணையாக வருபவருக்குக் காற்று தீர்ந்துவிட்டால் தன் உருளையிலிருந்து பகிர்ந்தளிக்கவும் கற்பிக்கின்றனர். தனியே எவரும் இறங்கலாகாது. முன்பு கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனரின் இடத்தில் இங்கே இந்த இணையர் இருக்கிறார். அவர் மேலே இல்லை, அருகிலேயே நீந்துகிறார்.

நீருக்குள் பேச்சில்லை, கையசைவே மொழி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம், எல்லாம் நலம் என்பதற்கு அடையாளம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதில்தான் புதியவர்கள் தடுமாறுகின்றனர். கரையில் அது பாராட்டு. கடலில், மேலே போவோம் என்னும் கட்டளை. மீனைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்தினால், ஆசிரியர் அவளை மேலே அழைத்துச் சென்றுவிடுவார்.

அடக்காதே என்னும் விதி

இக்கலையின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதாகும். மூச்சடக்கத்தைத் தவமாகவும் திறமாகவும் போற்றிய மரபில் வந்தோருக்கு இது வியப்பளிக்கலாம். காரணத்தை அறிய, 1662ஆம் ஆண்டு இராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை நினைவுகூர வேண்டும். அழுத்தம் இருமடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். கடல்மட்டத்தில் நம்மீது உள்ள அழுத்தம் ஒரு வளிமண்டலம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு.

கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். அக்காற்று கீழே சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதற்கு மிகாது. எனவே அவருக்குத் தீங்கில்லை. கருவியோடு இறங்குபவரோ கீழேயே, அங்குள்ள அழுத்தத்தில், நுரையீரலை நிரப்புகிறார். 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு அவர் மேலே வந்தால், அக்காற்று 10 லிட்டராக விரிய முயலும். அவ்வளவு இடம் மார்புக்குள் இல்லை, நுரையீரல் கிழியும். நிறைந்த நுரையீரலோடு இரண்டொரு மீட்டர் உயர்ந்தாலே இத்தீங்கு நேரக்கூடும். பயிற்சிக் குளத்தின் ஆழம் சிறிதென்று எவரும் மெத்தனமாக இருக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

இரண்டாம் இடர் நைட்ரசனால் வருவது. ஆழத்தில் உள்ளிழுக்கும் காற்றின் நைட்ரசன், அழுத்தத்தால் குருதியிலும் தசையிலும் கரைகிறது. கோலி சோடாவை நினைத்துக்கொள்வோம். குண்டு அடைத்திருக்கும்வரை உள்ளே நீர் அமைதியாகத் தெரியும். குண்டைத் தட்டியதும் நுரைத்துப் பொங்கும். விரைந்து மேலேறுபவரின் குருதியிலும் அவ்வாறே குமிழிகள் எழும். மூட்டுவலி முதல் உடல் செயலிழத்தல் வரை அவற்றால் நேரும். 1870களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் அமைத்த தொழிலாளர்களும், அப்பணியின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கும் இந்நோய்க்கு ஆளாயினர். நைட்ரசன் குமிழிகளே காரணம் என 1878இல் பால் பேர் விளக்கினார். ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணையை 1908இல் வெளியிட்டார்.

இன்றைய கைக்கணிப்பொறிகள் செய்யும் கணக்குக்கு அவ்வட்டவணையே முன்னோடி. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுக. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க என்பன நடைமுறை. தான் விட்ட மிகச் சிறிய குமிழியை முந்திச் செல்லாதே என்று பழைய ஆசிரியர்கள் சொல்வர். கணிப்பொறி பழுதானாலும் கைகொடுக்கும் பாடம் அது. முக்குளித்த கையோடு வானூர்தி ஏறுவதும் ஆகாது. பல நாள் முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உயர்ந்த மலைக்கு ஏறுவதற்கும் இவ்வாறான காத்திருப்பு தேவை.

தெரியுமா?
நீருக்குள் முகக்கண்ணாடி வழியே காணும் பொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுவதால், ஆழத்தில் விரல் கீறிக் குருதி வந்தால் அது பச்சை கலந்த கருமையாகத் தெரியும். ஒலி நீரில் காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்லும். எனவே படகின் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது எனக் காது பிரித்தறியாது.

பவளக்காட்டில்

நான்காம் நாளளவில் மாணவி 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெறுகிறாள். அங்கே அவள் காண்பது மற்றொரு காடு. கிளைத்தும் குவிந்தும் விரிந்தும் நிற்கும் பவளங்கள் பார்வைக்குச் செடிகள் போன்றவை; ஆயினும் அவை நுண்ணிய உயிரினங்களின் கூட்டுக்குடியிருப்புகள். கடற்சாமந்தியின் நச்சுக்கொடுக்குகளுக்கிடையே அஞ்சாமல் குடியிருக்கும் கோமாளிமீனைக் காண்பதற்கென்றே சுவராஜ் தீவுக்கு வருவோர் பலர்.

இங்கேதான் அவள் கற்ற மூச்சு வேறொரு வகையில் பயன்படுகிறது. மூச்சை உள்ளிழுத்தால் உடல் சற்றே உயரும். வெளிவிட்டால் சற்றே தாழும். எடையும் மிதப்பும் சமமான நிலையில், கைகால்களை வீசாமல் மூச்சாலேயே உயரத்தைத் திருத்திக்கொண்டு நிற்க இயலும். இத்திறன் கைவராதவரின் துடுப்புக்கால் பட்டு, பல ஆண்டுகள் வளர்ந்த பவளக்கிளை ஒரு நொடியில் முறிந்துவிடும். அணில் கூட்டைக் கலைக்காமல் காட்டுவழி நடக்கப் பழகியவளுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று.

கடல் வெப்பம் கூடும்போது பவளங்கள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளுக்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் பெருமளவு வெளுப்பு நேர்ந்தது. மன்னார் வளைகுடாவுக்கு வேறொரு துன்பமும் இருந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். 21 தீவுகளைக் கொண்ட அக்கடற்பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. ஆயினும் அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் அமிழ்ந்துவிட்டன. பவளத்தை வெட்டுவது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடுங்குற்றம்.

மூச்சைப் பணயம் வைப்போர்

சுற்றுலாப் பயணி நான்கு நாளில் கற்கும் இவ்வறிவு, கடலையே நம்பி வாழ்வோர் அனைவரையும் சென்று சேரவில்லை. தூத்துக்குடிப் பகுதியில் சங்குகுளிப்போர் பலர், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீளும் குழாயைக் கவ்விக்கொண்டு கடலடியில் நெடுநேரம் சங்கு தேடுகின்றனர். கல்லைக் கட்டி இறங்கிய பாட்டனாருக்கு ஒரு நிமிடமே நேரம் இருந்தது. அதனாலேயே நைட்ரசன் அவரைப் பெரிதும் தீண்டவில்லை. பேரனுக்கோ காற்றுக்குக் குறைவில்லை. ஆழமும் நேரமும் காட்டும் கருவிதான் கையில் இல்லை. குழாய் அறுந்தாலோ பொறி நின்றாலோ அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். முன்னோர் கற்பித்த பழக்கம் அதுவே. அழுத்தக் காற்றை இழுத்தபின் கொல்வதும் அதுவே. பொறியின் காற்றுவாய் எஞ்சின் புகைக்கருகே அமைந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் குழாயில் இறங்கும்.

இராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் கருவியின்றியே முங்குகின்றனர். முகத்தில் ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணி, பாசியை இட ஒரு வலைப்பை ஆகியவையே அவர்களின் கருவிகள். மூச்சை இழுத்து, முங்கி, பறித்து, எழுந்து, மீண்டும் மூச்சை இழுத்து என அவர்களின் வேலைநாள் செல்கிறது. அந்தமானிலிருந்து திரும்பும் மாணவி பாம்பன் பாலத்தருகே நின்று அவர்களைக் கண்டால், ஒவ்வொருவரும் எத்தனை நொடி நீருக்குள் இருக்கிறார் என எண்ணிப் பார்ப்பாள்.

கற்பவை கற்றபின்

1. கிணற்றில் முங்குபவரின் நுரையீரலிலும், மூச்சுக்கருவியோடு இறங்குபவரின் நுரையீரலிலும் உள்ள காற்றின் அளவு 10 மீட்டர் ஆழத்திலும் நீர்மட்டத்திலும் எவ்வாறு மாறும்? படம் வரைந்து வகுப்பில் விளக்குக.

2. முங்குதல், குளித்தல், முக்குளித்தல் போல உங்கள் ஊரில் நீச்சல் தொடர்பாக வழங்கும் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க.

3. சங்குகுளிக்கும் தொழிலாளர் படித்தறிந்து பயன்கொள்ளும் வகையில், பாதுகாப்பாக மேலேறும் முறை பற்றி எளிய தமிழில் ஒருபக்கத் துண்டறிக்கை எழுதுக.